சாதனைக்கும் சுழி பாக்கணும் ராசா

உலக சாதனை பண்ணப் போறியாமே, எய்யா! காலையில உங்க ஆச்சி காப்பியைக் கையில குடுத்துக்கிட்டே சொன்னா. சந்தோசம். பண்ணு. இப்பல்லாம் நம்ம பக்கத்துல சாதனை பண்ணாத வீடுதான் குறைச்சல். மேலத் தெருவுல ஒரு பய கண்ணைக் கட்டிக்கிட்டுச் சிலம்பம் சுத்துனான். அவனுக்கு ஒரு கேடயம். கீழத் தெருவுல ஒரு பச்சப்பிள்ளை, எந்த நாட்டுக்கு எது தலைநகரம்னு கடகடன்னு ஒப்பிச்சுது. அதுக்கு ஒரு பதக்கம். அந்தப் பிள்ளைகிட்ட உங்க தெருப் பேரு என்னம்மான்னு கேட்டேன், அம்மா முந்தானைக்குள்ள போயி ஒளிஞ்சுகிட்டுது. கல்யாண மண்டபத்துல ஆளுயர அண்டாவுல பொங்கல் வச்சு அதையும் சாதனையாப் பதிஞ்சாக. பொங்கல்ல உப்பு இல்ல. சான்றிதழ்ல அந்த விவரத்தைக் காணோம்.

நான் தடுக்கல. தடுத்தா நீ கேக்கப் போறதும் இல்ல. ஆனா நான் மாட்டுத் தரகு பாத்தவன். மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையில என் கண்ணுல படாம ஒரு சோடி கைமாறுனது கிடையாது. விக்கிறவன் மாட்டைப் பத்தி என்ன சொல்லுதான்னு நான் காதுல வாங்கவே மாட்டேன். முதல்ல வாயைத் திறந்து பல்லைப் பாப்பேன், சொல்லுத வயசு நிசந்தானான்னு. அப்புறம் தடவிச் சுழி பாப்பேன், மறைஞ்சிருக்கிற கோளாறு என்னன்னு. அதுக்கப்புறந்தான் துண்டைப் போட்டு விரலைப் பிடிச்சு விலை. சாதனைன்னு யாராவது சொன்னாலும் என் கை தன்னால பல்லைத் தேடிப் போயிருது. என்ன பண்ண, தொழில் புத்தி.

உங்க அக்கா பாளையங்கோட்டையில விலங்கியல் படிக்காள்லா, லீவுக்கு வரும்போதெல்லாம் அவளை உக்கார வச்சு, எந்தெந்தச் சீவன் என்னென்ன சாதனை வச்சிருக்குன்னு வாசிக்கச் சொல்லிக் கேட்டுருக்கேன். அவளுக்குப் பரீட்சைக்குப் படிச்சாப்ல ஆச்சு, எனக்குச் சந்தைக்குப் போனாப்ல ஆச்சு. அதனால நீ சாதனைக் களத்துல இறங்குறதுக்கு முன்னால, எதிர்ல நிக்கிற ஆளுக யாரு யாருன்னு சொல்லுதேன். கேட்டுட்டு இறங்கு.

முதல்ல ஓட்டம். நீ ஓடுவேன்னு எனக்குத் தெரியும்; கரண்டு பில்லு கட்டச் சொன்னா எப்படி ஓடுதேன்னு பாத்திருக்கேன். 2009-ல பெர்லின்ல உசேன் போல்ட் நூறு மீட்டரை 9.58 விநாடியில ஓடுனாரு. மனுசப் பிறவியில இன்னைக்கு வரைக்கும் அதைத் தாண்டுன ஆள் இல்ல. 2012-ல அமெரிக்காவுல சின்சினாட்டி மிருகக்காட்சிச் சாலையில சாரான்னு ஒரு சிவிங்கிப்புலி, அதே நூறு மீட்டரை 5.95 விநாடியில முடிச்சுட்டுது. அதுவும் எதைத் துரத்திக்கிட்டு? கயித்துல கட்டி இழுத்த ஒரு பொம்மையை. வயித்துக்காக ஓடல, விளையாட்டுக்கு ஓடுனதே இம்புட்டு வேகம்.

சரி, பல்லு நல்லாத்தான் இருக்கு. இப்பச் சுழி பாரு. போட்ஸ்வானாக் காட்டுல இருக்கிற சிவிங்கிப்புலிக கழுத்துல பட்டையைக் கட்டிவிட்டு, அதுக எப்படி வேட்டையாடுதுன்னு அளந்து 2013-ல எழுதியிருக்காக. உச்ச வேகம் மணிக்கு 93 கிலோமீட்டர். ஆனா முக்கால்வாசி வேட்டையில அது அந்த வேகத்துக்குப் போறதே இல்ல. அதுல பாதிக்குச் சொச்சம் வேகத்துலதான் ஓடிக்கிட்டு இருக்கு. அதோட உண்மையான சாமர்த்தியம் வேறயாம்: ஓடுற ஓட்டத்துல சட்டுன்னு வேகத்தைக் குறைக்கிறதும், மான் திரும்புற பக்கம் திரும்புறதும். இதை எழுதுறதுக்கு அவங்க போட்ஸ்வானா வரைக்கும் போயிருக்க வேண்டாம். நம்ம ரேக்ளாப் பந்தயத்துல எந்த வண்டி ஜெயிக்கும்? நேர் ரோட்டுல பறக்கிற வண்டியா? எல்லைக் கொடியில குடை சாயாமத் திரும்புற வண்டிதான.

விலை என்ன தெரியுமா? இந்த ஓட்டத்துக்காக உடம்பை ஒல்லியாக்கி, தாடையைச் சின்னதாக்கி, சண்டைத் தெம்பையெல்லாம் அது வித்துத் தின்னுட்டுது. ஓடிப் பிடிச்சுட்டு மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கும்போது சிங்கமோ கழுதைப்புலியோ வந்து 'என்ன தம்பி, களைச்சுட்டியா'ன்னு கேட்டு இரையைத் தூக்கிக்கிட்டுப் போயிரும். சண்டை போட முடியாது. ஓட்டத்துல முதல் பரிசு, சாப்பாட்டுல கடைசிப் பந்தி. நம்ம நாட்டுலயும் ஒரு காலத்துல இந்தச் சாதி இருந்துச்சு. 1947-ல கொரியா சமஸ்தானத்து ராசா மூணைச் சுட்டாரு. அதுக்கப்புறம் சிவிங்கிப்புலியைப் பாத்ததா உறுதியான பதிவு இல்ல. 1952-ல அத்துப்போச்சுன்னு சர்க்காரே சொல்லிட்டுது. எழுபது வருசம் கழிச்சு, 2022 செப்டம்பர் 17-ஆம் தேதி நமீபியாவுல இருந்து எட்டை விமானத்துல ஏத்திக்கொண்டாந்து மத்தியப் பிரதேசத்துல குனோக் காட்டுல விட்டாக. உலகத்துலயே வேகமா ஓடுற மிருகம், ஊர் திரும்ப விமானம் ஏற வேண்டியதாப் போச்சு பாத்தியா.

இன்னொரு சூட்சுமம் சொல்லுதேன். ஓட்டத்துல ஜெயிக்கிறதுக்குக் கால் வேணும்னு நீ நினைக்கே. வேண்டாம், அளவுகோல் வேணும். கலிபோர்னியாவுல ஒரு உண்ணி, எள்ளு அளவுதான். சிமெண்டுத் தரையில, 60 டிகிரி சூட்டுல ஓடுது. 2014-ல அது உலகச் சாதனைன்னு அறிவிச்சாக. எப்படி? கிலோமீட்டர்ல அளக்கல. ஒரு விநாடியில தன் உடம்பு நீளத்துக்கு எத்தனை மடங்கு ஓடுதுன்னு அளந்தாக. 322 மடங்கு! சிவிங்கிப்புலி அந்தக் கணக்குல வெறும் 16. மனுசன் அந்த உண்ணி மாதிரி ஓடணும்னா மணிக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல ஓடணும். கேக்கவே மயிர் கூச்செறியுதுல்லா? ஆனா நிசமா அது போற வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் கூட வராது. உங்க ஆச்சி முட்டிவலியோட பிரகாரம் சுத்துற வேகத்துக்கே அது பின்னால வந்துக்கிட்டு இருக்கும். ஆக, ராசா, நீ எதுல தோத்தாலும் கலங்காத. உனக்குத் தோதான அளவுகோலைத் தேடு. உங்க ஸ்கூல்ல கூட நூத்துக்கு நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டுறதுக்கு, தோத்துருவான்னு தோணுற பயலுகளை முன்கூட்டியே டி.சி. குடுத்து அனுப்புன கதை உனக்குத் தெரியாததா.

சகாராப் பாலைவனத்துல வெள்ளி எறும்புன்னு ஒண்ணு இருக்கு. அந்தப் பயலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். விநாடிக்கு 108 உடம்பு நீளம். உண்ணிகிட்டத் தோத்துட்டான், ஆனா புத்தி அவன்கிட்ட இருக்கு. உச்சி வெயில்ல மணல் கொதிக்கிறப்ப, ஈ காக்கா வெளியே வராத நேரம் பாத்து ஒரு பத்து நிமிசம் போல வெளியே வருவான். ஏன்? அவனைத் தின்னுற பல்லி அந்தச் சூட்டுல வளையை விட்டு வராது. வெயில் தாங்காமச் செத்து விழுந்த பூச்சியெல்லாம் மணல்ல கிடக்கும். பொறுக்கிக்கிட்டு ஒரே ஓட்டம். இன்னும் கொஞ்ச நேரம் நின்னாலும் அவனும் வெந்துருவான். உடம்புல இருக்கிற வெள்ளி மயிர் வெயிலைத் திருப்பி அடிக்குது, அதை வச்சுத்தான் அந்தப் பத்து நிமிசமும் கிடைக்குது. போட்டியே இல்லாத நேரத்துல கடை விரிக்கிறான் பாரு, நம்ம பஸ் ஸ்டாண்டுல ராத்திரி ரெண்டு மணிக்குப் பரோட்டாப் போடுத கடைக்காரருக்கு அவன் உறவாத்தான் இருக்கணும்.

தண்ணிக்குள்ள மயில்மீன் இருக்கே, அதோட பல்லைப் பிடிச்சுப் பாத்த கதையைக் கேளு. முதுகுல பாய்மரம் மாதிரி துடுப்பு விரிச்சுக்கிட்டு வருமே, அதுதான். உலகத்துலயே வேகமான மீனு, மணிக்கு 110 கிலோமீட்டர்னு எல்லாப் பொது அறிவுப் புத்தகத்துலயும் போட்டிருக்கு; உன் புத்தகத்துலயும் இருக்கும், எடுத்துப் பாரு. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்துச்சு? புளோரிடாவுல தூண்டில் போட்ட ஆட்கள்கிட்ட இருந்து. தூண்டில்ல மாட்டுன மீனு மூணு விநாடியில இம்புட்டு நரம்பை இழுத்துக்கிட்டுப் போச்சு, அதனால வேகம் இம்புட்டுன்னு பெருக்கிச் சொன்னாக. தூண்டில்காரன் சொன்ன கணக்கை அப்படியே எழுதுனவன் எந்த ஊரு வெள்ளந்தின்னு தெரியல! மீனு தப்பிச்சுட்டுன்னு சொல்லும்போது கூட கையை அகல விரிச்சுக் காட்டுற சாதி அது. இப்பக் கருவியைக் கட்டிவிட்டு அளந்து பாத்திருக்காக. மணிக்கு 30, 35 கிலோமீட்டர் வருதாம். நீ பைக்குல ஹெல்மெட் இல்லாமப் போகும்போது போலீசைப் பாத்ததும் குறைக்கிற வேகம்.

அடுத்தது ஆகாயம். இங்கதான் உண்மையான ராசா இருக்கான், பொரி வல்லூறு. குளிர்காலத்துல வடக்க இருந்து நம்ம பக்கத்துக் கம்மாய்க்கும் வரும். உசரமான கோபுரம், கம்பம் பாத்து உக்காந்துருக்கும். மேல போயி, இறக்கையை மடக்கிக்கிட்டு, புறா மேல விழும் பாரு, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல. 1999-ல கென் பிராங்க்ளின்னு ஒருத்தர், தான் வளர்த்த வல்லூறை விமானத்துல ஏத்திக்கிட்டுப் போயி, அதோட சேந்து தானும் மேல இருந்து குதிச்சு அளந்தாரு. 389 கிலோமீட்டர். வாய்க்கு வந்தபடி பெருக்கிச் சொன்ன கணக்கு இல்ல. கூடவே குதிச்சு எடுத்த கணக்கு. இப்படிப்பட்ட ஆளை நான் சந்தையில பாத்தா பல்லைப் பாக்காமலே மாட்டை வாங்கிருவேன்.

அந்த வேகத்துல விழும்போது மூக்குக்குள்ள காத்து அடிச்சுக்கிட்டு ஏறாம இருக்க, மூக்குத் தொளைக்குள்ள சின்னதா ஒரு எலும்பு முடிச்சு. கண்ணைக் காப்பாத்த மூணாவதா ஒரு இமை. எல்லாம் பாத்துப் பாத்துச் செஞ்ச வேலை. உங்க ஆச்சிதான் கேட்டா: 'விழுறதுக்குப் பேரா வேகம்? கிணத்துல போட்ட வாளியும் விழுதே'ன்னு. கேள்வி நியாயந்தான். நேராப் பறக்கும்போது அதுவும் மணிக்கு நூறு, அதுக்குச் சொச்சந்தான். ஆனா விழுந்து, சரியான நேரத்துல நிமிந்து, புறாவையும் பிடிச்சுக்கிட்டு மேல வருதுல்லா? வாளி அதைச் செய்யாது.

இதுக்குச் சுழி எங்க இருந்துச்சு தெரியுமா? முட்டையில. நாங்க இளந்தாரியா இருக்கும்போது டிடிடின்னு ஒரு பொடி. வயலுக்கு அதுதான், வீட்டுக்கும் அதுதான், மலேரியாக்காரங்க சுவரு சுவராத் தெளிச்சுட்டுப் போவாக. பூச்சி செத்துச்சு, கைதட்டுனோம். பூச்சியைத் தின்ன சின்னக் குருவி உடம்புல அது சேந்துச்சு. அந்தக் குருவி நூறைத் தின்ன வல்லூறு உடம்புல நூறு பங்கு சேந்துச்சு. சேந்து, முட்டை ஓட்டுக்குப் போக வேண்டிய சுண்ணாம்பைத் தடுத்துப்போட்டுது. 1967-ல இங்கிலாந்துல டெரெக் ராட்கிளிஃப்ங்கிற ஆளு, சேத்து வச்சிருந்த பழைய முட்டை ஓட்டையும் புது ஓட்டையும் ஒப்பிட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சாரு: ஓடு மெலிஞ்சு போச்சு. மேல இருந்து இடி மாதிரி விழுந்தாலும் தாங்குற உடம்பு. ஆனா தாய் அடைகாக்க உக்காந்தா முட்டை நொறுங்குது. அமெரிக்காவுல கிழக்குப் பக்கம் பூராவும் அந்தப் பறவையே இல்லைன்னு ஆகிப்போச்சு. 1972-ல அங்க டிடிடியை நிப்பாட்டுனாக. கூட்டுல வளத்து, மலையில விட்டு, பாடுபட்டு மீட்டாக. அழியப் போற உயிர்ங்கிற பட்டியல்ல இருந்து அதோட பேரை எடுத்தது 1999-ல. பிராங்க்ளின் கூடக் குதிச்ச அதே வருசம். நீ இந்தச் சாதனையை எழுதுனா அந்த ரெண்டாவது வரியையும் சேத்து எழுதணும். சுண்ணாம்பு கொஞ்சம் குறைஞ்சதுக்கே உலகத்துலயே வேகமான சீவன் கிட்டத்தட்ட அத்துப்போச்சுன்னு.

தூரம் போறதுல சாதனை வைக்கலாம்னு தோணுதா? 2022 அக்டோபர்ல ஒரு பட்டைவால் மூக்கன், அலாஸ்காவுல கிளம்பி ஆஸ்திரேலியாவுக்குத் தெக்க டாஸ்மேனியாவுல போயி இறங்குச்சு. 13,560 கிலோமீட்டர், 11 நாளு, நடுவுல ஒரு இடத்துல கூட இறங்கல. சோறு இல்ல, தண்ணி இல்ல. கடல்ல உக்காந்து இளைப்பாறவும் அதுக்கு வழி கிடையாது. பிறந்து அஞ்சே மாசமான குஞ்சு அது. வழி தெரியுமான்னு யாரும் கேக்கல, கூகுள் மேப்பும் இல்ல. கிளம்புறதுக்கு முன்னால ஊதி ஊதி உடம்புல பாதிக்குப் பாதி கொழுப்பு ஏத்திக்கிட்டு, வழியில தேவைப்படாதுன்னு குடலையும் இரைப்பையையும் சுருக்கிக்குது. உங்க அம்மா உன்னை மெட்ராசுக்கு அனுப்பும்போது கட்டுற புளியோதரை, முறுக்கு, எலுமிச்சங்காய் ஊறுகாய் எல்லாத்தையும் அவ அதுகிட்ட நீட்டியிருந்தா, வயிறே எடுத்துட்டு வரலம்மான்னு சொல்லியிருக்கும்.

ரொம்பத் தூரம் போவானேன், நம்ம நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு மார்கழி, தை மாசம் போயிப் பாரு. வரித்தலை வாத்து வந்துருக்கும். வெள்ளைத் தலையில பின்னாலே ரெண்டு கறுப்புக் கோடு. மங்கோலியா, திபெத்துப் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு இமயமலையைத் தாண்டி வருது. தாண்டுறதுன்னா, நாம சிவகாசி ரோட்டுப் பாலத்தைத் தாண்டுறது இல்ல. கருவி கட்டி அனுப்புன ஒரு வாத்து 7,290 மீட்டர் உசரத்துல பறந்துருக்கு. அந்த உசரத்துல நம்ம மூச்சுக்குப் போதுமான காத்தே இருக்காது. எவரெஸ்ட் ஏறுறவன் முதுகுல சிலிண்டரைக் கட்டிக்கிட்டுத்தான் அந்த வழி போறான். இது ரத்தத்துல இருக்கிற சிவப்புச் சத்தே வேற ரகம். மெலிஞ்ச காத்துல இருந்தும் பிராணவாயுவை இழுத்துப் பிடிச்சுக்கிடும். நுரையீரலும் மத்த வாத்தைவிடப் பெருசு. இம்புட்டு இருந்தும் அது வீணா உசரம் ஏறாது. மலை ஏறுனா ஏறும், மலை இறங்குனா அதுவும் கூடவே தாழ இறங்கும். திரும்ப ஏறணுமேன்னு நமக்குத் தோணும். ஆனா உசரத்துலயே நிக்கிறதைவிட இறங்கி ஏறுறதுதான் சிக்கனம்னு கணக்குப் போட்டுக் காட்டியிருக்காக. அப்படி வந்து நம்ம ஊர் வயல்ல புல்லு மேயுது. விவசாயி வந்து 'சூ'ன்னு கையை வீசுனா எந்திரிச்சுப் போகுது. நான் இமயமலையைத் தாண்டுனவன்னு சட்டையைக் கழட்டித் தழும்பு காட்டல.

உனக்கு ஓட்டமும் பறத்தலும் ஆகாது, சரி. சும்மா கிடந்து சாதனை பண்ணலாம்னு ஒரு நினைப்பு இருக்கும். உள்ளதைச் சொன்னா, அந்த வித்தையில உன்மேல எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்துச்சு. அந்தக் கயித்துக் கட்டில்ல போனைப் பிடிச்சுக்கிட்டு நீ கிடக்கிற கிடப்புக்கு ஈடு இணை இல்லைன்னு நினைச்சிருந்தேன். ஓல்முன்னு ஒண்ணு வந்து அதையும் கெடுத்துட்டுது. போஸ்னியாப் பக்கத்துல குகைத் தண்ணிக்குள்ள வாழுற குருட்டுச் சீவன். பாக்க ஓணான் குட்டியை வெளுத்து நீட்டுனாப்ல இருக்கும். ஒரு ஓல்மை ஆராய்ச்சிக்காரங்க அடையாளம் வச்சுட்டுப் போயி, 2,569 நாள் கழிச்சு வந்து பாத்தா அதே இடத்துல இருக்கு. ஏழு வருசம்! அதுவும் போன் இல்லாம, சார்ஜர் இல்லாம, நடுநடுவுல 'சாப்பாடு ஆச்சா'ன்னு கேக்காம.

சாகாம இருக்கிற சாதனை வேணுமா? அங்க ஒரு கூட்டமே வரிசை கட்டி நிக்குது. அலாஸ்காவுல ஒரு காட்டுத் தவளை. குளிர்காலம் வந்தா சருகுக்கு அடியில படுத்து அப்படியே உறைஞ்சு போகும். மூச்சு நிக்கும், இதயமும் நிக்கும், உடம்புத் தண்ணியில பாதிக்கு மேல பனிக்கட்டி. சுண்டுனா 'டிங்'குன்னு சத்தம் வரும்போல. ஆறு மாசத்துக்கு மேல அப்படிக் கிடந்து, வெயில் வந்ததும் இளகி, இதயம் துடிச்சு, எந்திரிச்சுக் குதிச்சுப் போயிருது. எப்படிங்கே? உறைய ஆரம்பிச்சதும் ஈரல் சர்க்கரையை ரத்தத்துல கொட்டிருது. அந்தச் சர்க்கரைதான் உள்ளுறுப்பையெல்லாம் பனி கிழிக்காமக் காக்குது. எனக்குச் சர்க்கரை முந்நூறுன்னு வந்ததுக்கு டாக்டரம்மா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாக. தவளைக்கு இதைவிடப் பல மடங்கு ஏறுனாத்தான் உசிரு. அந்தம்மாவை ஒரு தடவை அலாஸ்காவுக்கு அனுப்பணும்.

இவங்களுக்கெல்லாம் பெரியசாமி நீர்க்கரடி. சுவத்துப் பாசியில, கூரை ஓட்டுப் பாசியில எல்லாம் இருக்கும், எட்டுக் காலு, ஒரு மில்லிமீட்டர்ல பாதி. காய்ஞ்சா, காலையும் தலையையும் உள்ள இழுத்து ஒரு உருண்டையாச் சுருங்கிக்கிடும். அப்படிச் சுருங்குனதை 2007-ல விண்கலத்துல ஏத்திக்கொண்டு போயி, காத்தே இல்லாத வெட்டவெளியில பத்து நாள் திறந்து வச்சாக. திரும்பிக் கொண்டாந்து தண்ணி தெளிச்சா, நடக்குது; முட்டையும் போடுது. அண்டார்டிகாவுல 1983-ல எடுத்து உறைய வச்ச பாசியை, ஜப்பான்காரங்க 2014-ல இளக்குனாக. முப்பது வருசம் கழிச்சு ஒண்ணு காலை அசைச்சுக்கிட்டு எந்திரிச்சுச்சு. 2019 ஏப்ரல்ல இஸ்ரேல்காரங்க விட்ட கலம் நிலாவுல விழுந்து நொறுங்குச்சே, அதுக்குள்ளயும் நீர்க்கரடி போச்சு. அங்க யாராவது போயித் தண்ணி ஊத்துனாத்தான் மேற்கொண்டு சேதி தெரியும்.

இம்புட்டுப் பெருமையையும் கேட்டுட்டு நான் உங்க அக்காகிட்டச் சுழி கேட்டேன். சிரிச்சா. பெரிய சாதனைக்காரர்னு பேரெடுத்த ஒரு நீர்க்கரடி வகையை, சுருங்காம, தண்ணிக்குள்ள நடமாட விட்டு, 37 டிகிரிச் சூட்டுல ஒரு நாள் வச்சிருக்காக. பாதி செத்துப்போச்சு. 2020-ல வந்த சேதி. 37 டிகிரி! நமக்கு அது பங்குனி மாசத்துக் காலை வெயிலு. வெட்டவெளிக்குப் போயிட்டு வந்த வீரனை விருதுநகர் பஸ் ஸ்டாண்டுல ஒரு நாள் நிப்பாட்டுனாப் போதும். அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. சாகாம இருக்குதுங்காகளே, அந்த முப்பது வருசமும் அது வாழவும் இல்ல. தின்னல, நடக்கல, முட்டை போடல. நாளை ஒத்திவச்சுச்சு, அம்புட்டுத்தான். எழுந்து நடக்க ஆரம்பிச்சா அதுவும் நம்மளைப் போலதான், வெயில் பட்டா வாடுது.

கல்யாணப் பேச்சை எடுத்தா நழுவுதியே, அதுக்கும் ஒரு சாதனைக்காரன் இருக்கான், கிரீன்லாந்துச் சுறா. கண்ணுக்குள்ள இருக்கிற வில்லையை அளந்து, பெரிய சுறா ஒண்ணுக்குக் குறைஞ்சது 272 வயசு, 400 கூட இருக்கலாம்னு 2016-ல சொன்னாக. பொம்பளைச் சுறா குட்டி போடுத பருவத்துக்கு வரவே 150 வருசம் ஆகுமாம். நீச்சல் மணிக்கு ஒரு கிலோமீட்டர், அதுக்குச் சொச்சம். கண்ணுல ஒரு ஒட்டுண்ணி தொங்கிக்கிட்டு இருக்கும். அம்புட்டு வருசத்தையும் அது இருட்டுக்குள்ள ஊர்ந்துதான் கழிக்குது. எதிர்க்கட்சி மொசாம்பிக்கில இருக்கு: மழைக்குட்டையில வாழுற சின்ன மீனு. குட்டை வத்துறதுக்குள்ள எல்லாம் முடியணும். பொரிச்ச பதினாலாம் நாள்ல வயசுக்கு வந்துருது. முட்டை காய்ஞ்ச சேத்துல அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும். உங்க அம்மா இந்த மீனு கட்சி. நீ சுறாக் கட்சி. நடுவுல ஏதாவது ஒரு தேதி பாத்துச் சொல்லுங்க, நான் பத்திரிகை அடிக்கக் குடுக்கேன்.

இவ்வளவும் கேட்டுட்டு மூஞ்சியைத் தொங்கப்போடாத. உனக்குன்னு ஒரு சாதனையை ஒதுக்கி வச்சுத்தான் பேச ஆரம்பிச்சேன். செலவில்ல, பயிற்சி வேண்டாம், சான்றிதழ்க்காரனுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

சாணியில முளைக்கிற பூஞ்சை ஒண்ணு, பைலோபோலஸ்னு பேரு. கண்ணாடி நூல் மாதிரி ஒரு காம்பு, உச்சியில தண்ணி கோத்த ஒரு குமிழ், குமிழ் மேல கறுப்பா ஒரு தொப்பி. தொப்பிக்குள்ள வித்து. அதோட கஷ்டம் என்னன்னா, மாடு தன் சாணி கிடக்கிற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற புல்லை மேயாது. இது எனக்குப் புத்தகம் சொல்ல வேண்டியதில்ல, கண்ணால பாத்தது. ஆனா வித்து மாட்டு வயித்துக்குள்ள போயி வந்தாத்தான் அடுத்த சாணியில முளைக்க முடியும். என்ன செய்யும்? குமிழுக்குள்ள தண்ணியை முட்ட முட்ட ஏத்தி, வெடிச்சு, தொப்பியைத் தூக்கி எறியுது. ரெண்டு மீட்டருக்கு மேல, மாடு மேயுற நல்ல புல்லுக்கு. நிக்கிற நிலையில இருந்து அந்த வேகம் எடுக்குதுல்லா, அந்த உந்து விசை பூமி ஈர்ப்பைப் போல இருபதாயிரம் மடங்கு. ராக்கெட்டுல போறவங்களுக்கு மூணு, நாலு மடங்குக்கே மூஞ்சி கோணிப்போகுது. சிவிங்கிப்புலி, வல்லூறு எல்லாம் இதுக்கு முன்னால கைகட்டி நிக்கணும்.

குருட்டாம்போக்குல எறியாது. அந்தக் குமிழே கண்ணாடி வில்லை மாதிரி வேலை செஞ்சு, வெளிச்சம் எந்தப் பக்கம்னு பாத்து, காம்பை அந்தப் பக்கம் வளைச்சுக்கிட்டுத்தான் எறியும். வெளிச்சம் இருக்கிற பக்கம் மறைப்பு இருக்காதுல்லா. இதுல இன்னொரு கூத்து: மாட்டு நுரையீரல்ல வாழுற புழுவோட குஞ்சு ஒண்ணு, தானா அம்புட்டுத் தூரம் போக முடியாம, இந்தக் காம்பு மேல ஏறி உக்காந்து, தொப்பியோட சேந்து ஓசியிலயே பறந்து போயிருது. பக்கத்துல எங்க சாதனை நடந்தாலும் மேடையில ஏறி நிக்க ஒருத்தன் இருக்கத்தான் செய்வான்.

இப்பக் கேளு. ஒரு அட்டைப் பெட்டி எடு, செருப்புப் பெட்டி போதும். ஒரு பக்கம் சின்னதா ஓட்டை போட்டு, உள்பக்கம் கண்ணாடித் துண்டு ஒட்டு. உள்ள புதுச் சாணி வச்சு மூடி நிழல்ல வை. சில நாள்ல பாத்தா, ஓட்டைக்கு நேரா அந்தக் கண்ணாடியில கறுப்புக் கறுப்பாத் தொப்பி அப்பியிருக்கும், குறி தப்பாம. அதைப் போட்டோ எடுத்து எந்த ஊருக்கு வேணாலும் அனுப்பு.

ஒரு பெட்டிக்கு ஒரு கை சாணி போதும். ஆனா எந்த மாட்டுச் சாணியில அந்தப் பூஞ்சை முளைக்கும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது பாரு. அதனால தொழுவத்துல கிடக்கிறது பூராவையும் அள்ளிரு. மம்பட்டி முருங்கை மரத்தடியில இருக்கு, கூடை கோழிக்கூட்டு மேல. நல்ல சாணியா ஒரு கை எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் குப்பைக்கிடங்குல தட்டிரு. செவலைக்குப் பின்னால நிக்காத, உதைக்கும்.